புளித்த மாவிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை

1891-ல் பாரிஸில் அந்துவான் வில்லியே என்ற மருந்தியல் வேதியியலாளர் உருளைக்கிழங்கு மாவைக் கூழாக்கி, அதில் பாக்டீரியாவை வளரவிட்டார். கூழ் புளித்து, இளகி, நீர்த்துப்போனது. ஆல்கஹாலை ஊற்றி அதிலிருந்த டெக்ஸ்ட்ரின்களை, அதாவது உடைந்த மாவுச்சத்துத் துண்டுகளை, பிரித்தெடுத்தார். அவருக்கு வேண்டியது அவைதான். மிச்சமிருந்த ஆல்கஹாலைச் சில வாரம் கழித்துப் பார்த்தபோது அதில் படிகங்கள் பூத்திருந்தன. ஒரு கிலோ மாவுக்கு மூன்று கிராம். கழுவி ஊற்றியிருந்தாலும் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த மூன்று கிராமும் விசித்திரமாக நடந்துகொண்டது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸை வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. அதை உடைத்தால் வரும் எந்தத் துண்டுக்கும் ஒரு திறந்த முனை இருக்கும். சர்க்கரைக்கான வழக்கமான சோதனை அந்த முனையைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் படிகம் அந்தச் சோதனைக்குப் பிடிகொடுக்கவில்லை. அமிலத்துக்கும் லேசில் மசியவில்லை. தாவரங்களின் செல்லுலோஸும் இப்படித்தான் முரண்டுபிடிக்கும் என்பதால் ‘செல்லுலோசின்’ என்று பெயர் வைத்தார் வில்லியே. முனை தெரியாத சங்கிலி என்றால் இரு முனையும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும் என்பது இன்று நமக்கு எளிதாகத் தோன்றுகிறது. அந்த விடை கிடைக்க 45 ஆண்டு ஆனது.

இதே பொருள் அடுத்துத் தலைகாட்டியது வியன்னாவின் உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில். அங்கே ஃபிரான்ஸ் ஷார்டிங்கர் தேடிக்கொண்டிருந்தது சர்க்கரையை அல்ல. நன்றாக வேகவைத்த உணவிலும் சாகாமல் கிடந்து வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியாவை. மாவில் அவற்றை வளர்த்தபோது 1903-ல் அவருக்கும் படிகங்கள் கிடைத்தன, இரண்டு வகையாக. இரண்டும் வில்லியே பார்த்தவைதான் என்று புரிந்துகொண்டார். அவற்றை நிறைய உண்டாக்கும் பாக்டீரியாவையும் தனியே பிரித்து, பாசில்லஸ் மேசரன்ஸ் என்று பெயரிட்டார். படிகங்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயர். நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தப் பெயர்கள் மாறவில்லை.

இரண்டையும் பிரித்தறிய அவர் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. படிகக் கரைசலோடு அயோடின் கரைசலைச் சேர்த்து, ஒரு துளியைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பரப்பினார். ஆல்ஃபா ஈரமாக இருக்கையில் நீலம், காய்ந்ததும் சாம்பல் கலந்த பச்சை. பீட்டா ஈரத்திலும் செம்பழுப்பு, காய்ந்தாலும் செம்பழுப்பு. நிறத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடலாம். நிறம் ஏன் மாறுகிறது என்பது அவருக்குத் தெரியாது. அயோடின் அந்தப் படிக மூலக்கூறுகளின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

பள்ளி ஆய்வகத்தில் சோற்றுக் கஞ்சியில் அயோடின் சொட்டுவிட்டு நீலம் பார்த்தவர்கள் எல்லோரும் இந்த நாடகத்தின் இயற்கைப் பதிப்பைப் பார்த்தவர்களே. 1814-லேயே பிரான்ஸில் கவனிக்கப்பட்ட நிறமாற்றம் அது. மாவுச்சத்தின் ஒரு பகுதியான அமைலோஸ், சுற்றுக்கு ஏறக்குறைய ஆறு குளுக்கோஸாகச் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருளின் நடுவே அயோடின் அணுக்கள் வரிசையாக நுழைந்ததும் ஒளியை உறிஞ்சும் விதம் மாறி நீலம் பிறக்கிறது. ‘மாவுச்சத்து உள்ளது’ என்று நோட்டில் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கினோம். ஒரு மூலக்கூறு இன்னொன்றைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிறது என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் வேதியியல் வகுப்பு இன்னும் கொஞ்சம் சுவையாக இருந்திருக்கும்.

ஷார்டிங்கர் 1911-ல் தன் கடைசிக் கட்டுரையை எழுதினார். கேள்விகள் பல மிச்சமிருக்கின்றன, வசதியுள்ள வேறு யாராவது தொடரட்டும் என்ற பொருளில் முடித்துவிட்டு விலகிக்கொண்டார். தொடர்ந்தவர்களில் முதல்வரான ஹான்ஸ் பிரிங்ஸ்ஹைம் ஏராளமாக எழுதினார். அவற்றில் பிழைகளும் ஏராளம். ஆனால் இந்தப் படிகங்கள் பல கரிமச் சேர்மங்களோடு கூட்டுச் சேர்கின்றன என்பதைக் கவனித்தவரும் அவர்தான். 1930-களின் நடுவில் ஹைடல்பெர்க்கின் கார்ல் ஃப்ராய்டன்பெர்க், இது சங்கிலி அல்ல, வளையம் என்று சொன்னார். காமா என்ற மூன்றாவது வகையும் அதே காலத்தில் அவருடைய கூடத்தில்தான் கிடைத்தது. வளையத்தில் எத்தனை குளுக்கோஸ் என்பதை அமெரிக்காவின் டெக்ஸ்டர் ஃப்ரெஞ்சும் ரண்டில் என்பவரும் 1942-ல் எக்ஸ்ரே கொண்டு தீர்த்துவைத்தார்கள்: ஆல்ஃபாவில் ஆறு, பீட்டாவில் ஏழு. காமாவில் எட்டு என்பது பிறகு உறுதியானது. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது குடும்பப் பெயர்.

வளையம் தட்டையானது அல்ல. அடியில்லாத டம்ளர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய் அகலம், மறு வாய் சற்றுக் குறுகல். உயரம் மூன்றுக்கும் ஒன்றே, 0.79 நானோமீட்டர். உள்விட்டம் மட்டும் மாறும்: ஆல்ஃபாவில் சுமார் அரை நானோமீட்டர், பீட்டாவில் 0.6-க்குக் கொஞ்சம் மேல், காமாவில் 0.8-ஐ ஒட்டி. இரண்டு விளிம்புகளிலும் தண்ணீரை விரும்பும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிற்கின்றன. அதனால் மூலக்கூறு நீரில் கரைகிறது. உட்சுவரில் அவை இல்லை. கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன்களும், குளுக்கோஸை ஒன்றோடொன்று பிணைக்கும் ஆக்சிஜன்களுமே உள்ளே இருப்பதால் அங்கே எண்ணெய்ப்பசையான ஒரு சூழல். வெளியே நீர், உள்ளே எண்ணெய்: இந்த மூலக்கூறின் மொத்தச் சாமர்த்தியமும் இந்த முரணில் இருக்கிறது.

உள்ளே வெற்றிடம் என்று சொன்னாலும் அது காலியாகக் கிடப்பதில்லை. கரைசலில் இருக்கும்போது பீட்டாவின் குழிக்குள் ஆறேழு நீர் மூலக்கூறுகள் புகுந்திருக்கும். அவை அங்கே சுகமாக இல்லை. வெளியே இருக்கும் நீர் மூலக்கூறு தன்னைச் சுற்றியுள்ள நீரோடு நாலாபக்கமும் ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொள்ளும்; உள்ளே மாட்டிக்கொண்டதற்குப் பிணைக்கக் கையில்லை, அக்கம்பக்கத்தில் எண்ணெய்ச் சுவர். இந்த நிலையில் எண்ணெய்க் குணமுள்ள ஒரு மூலக்கூறு, ஒரு பென்சீன் வளையமோ வாசனைப் பொருளோ, வாய்ப்பக்கம் வந்தால் நீர் வெளியேறுகிறது, வந்தது உள்ளே அமர்கிறது. இருவருக்கும் லாபம். உள்ளே வந்தபின் சுவருக்கும் அதற்கும் இடையே மெல்லிய ஈர்ப்பு விசைகள் வேலை செய்யும். அளவு கச்சிதமாக இருந்தால் அவை இன்னும் வலுவாக இருக்கும். வேதிப் பிணைப்பு என்று ஒன்றும் உருவாவதில்லை. உள்ளே போனதும் வெளியே வருவதும் அதே மூலக்கூறுதான், ஒரு அணு குறையாமல். இடம் கொடுப்பதை விருந்தோம்பி என்றும் வந்து அமர்வதை விருந்தாளி என்றும் வேதியியலாளர்கள் சொல்கிறார்கள்.

இந்த விருந்து நீடித்ததல்ல. விருந்தாளி நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் வெளியேறும், வேறொன்று நுழையும், மறுபடி பழையது வரும். பிடி எவ்வளவு இறுக்கம் என்பதைச் சொல்வது பிடிப்பு எண்; சாதாரண சைக்ளோடெக்ஸ்ட்ரின்களுக்கு அது நூறிலிருந்து பத்தாயிரம் வரை இருக்கும். நடுவில் ஆயிரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், லிட்டருக்கு ஒரு மில்லிமோல் விருந்தோம்பியும் அதே அளவு விருந்தாளியும் இருக்கும் கரைசலில் எந்த நேரம் பார்த்தாலும் நூற்றுக்கு முப்பத்தெட்டு விருந்தாளிகள்தான் உள்ளே இருக்கும். மிச்சம் வெளியே திரியும். கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். உண்மையில் இந்தத் தளர்ந்த பிடிதான் இதற்குப் பிழைப்பைக் கொடுத்தது. மருந்தை வயிறுவரை சுமந்துபோய் அங்கே விட்டுவிட வேண்டுமென்றால் விடத் தெரிந்த மூலக்கூறுதான் வேண்டும்.

இதைத் தயாரிக்கும் முறையில் ஒரு அழகு இருக்கிறது. பாசில்லஸ் மேசரன்ஸ் போன்ற பாக்டீரியாக்களின் நொதி ஒன்று அமைலோஸ் சுருளின் ஒரு சுற்றை வெட்டி, வெட்டிய முனையை அதன் வாலிலேயே ஒட்டிவிடுகிறது. ஆறா, ஏழா, எட்டா என்பதில் அதற்குப் பிடிவாதம் இல்லை. மூன்றும் கலந்துதான் வரும். பீட்டா மட்டும் வேண்டுமென்றால் கரைசலில் டொலுவீனைச் சேர்க்கிறார்கள். டொலுவீன் பீட்டாவின் குழியில் கச்சிதமாக அமர, கூட்டு கரையாமல் கீழே இறங்கிவிடுகிறது. கரைசலில் பீட்டா குறையக் குறைய நொதி மேலும் பீட்டாவையே செய்து தள்ளுகிறது. ஆல்ஃபா வேண்டுமென்றால் டெக்கனால் என்ற ஆல்கஹால். எந்த விருந்தாளியை அழைக்கிறோமோ அதற்கேற்ற வீடு கட்டப்படுகிறது.

மருந்துக்குப் பயன்படும் என்று ஃப்ராய்டன்பெர்க்கும் அவருடைய மாணவர் ஃப்ரீட்ரிஷ் கிராமரும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 1953-ல் ஜெர்மனியில் காப்புரிமையும் வாங்கினார்கள். காற்றில் கெட்டுப்போகும் பொருளை உள்ளே வைத்தால் கெடாது, ஆவியாகும் வாசனை நிற்கும், கரையாத மருந்து கரையும் என்று எல்லாம் அதில் இருந்தது. அடுத்த ஆண்டு கிராமர் இது பற்றிப் புத்தகமே எழுதினார். இனி ஓட்டம்தான் என்று நினைக்கத்தக்க நேரம். அப்போது விழுந்தது ஒரு வதந்தி.

வதந்தி என்று சொல்வது கொஞ்சம் கடுமைதான். டெக்ஸ்டர் ஃப்ரெஞ்ச் 1957-ல் எழுதிய தொகுப்புக் கட்டுரை அந்தக் காலத்தில் துறைக்கே வேதம். பீட்டா கலந்த தீனியை எலிகள் ஒதுக்கின, கொஞ்சம் தின்றவையும் ஒரு வாரத்துக்குள் செத்தன என்று, வேறொருவர் செய்து வெளியிடாத சோதனையை மேற்கோள் காட்டி அதில் சில வரிகள் வந்தன. அவ்வளவுதான். பல ஆண்டுகளுக்கு எல்லோரும் இதை மனித வாய்க்குள் போக விடத் தயங்கினார்கள். பிறகு கவனமாகச் செய்த சோதனைகளில் எலிகள் நன்றாகவே இருந்தன. பழைய மாதிரியில் தயாரிப்பின்போது சேர்த்த கரிமக் கரைப்பான் உள்ளேயே தங்கியிருந்திருக்கலாம் என்பது இன்றைய ஊகம். அதாவது குற்றம் விருந்தாளியினுடையது, பழி விழுந்தது வீட்டுக்கு. அந்தப் பழியைத் துடைக்க மற்றவர்களைவிட அதிகம் பாடுபட்டவர் புடாபெஸ்ட்டின் யோஜெஃப் ஸெய்ட்லி. 1981-ல் சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்கென்றே முதல் பன்னாட்டுக் கருத்தரங்கை அங்கே கூட்டியவரும் அவர்தான்.

இயற்கையின் வளையம் இப்படி முடங்கிக் கிடந்தபோது மனிதன் செய்த வளையம் ஒன்று அமெரிக்காவில் பிறந்தது. கொரியாவின் புசானில் நார்வே நாட்டுத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த சார்லஸ் பெடர்சன், டூபாண்ட் நிறுவனத்தில் வேறெதையோ தயாரித்துக்கொண்டிருந்தார். வினையில் நூற்றுக்கு சுமார் 0.4 பங்கே தேறிய பட்டுபோன்ற வெள்ளைப் படிகம் ஒன்று எச்சமாக வந்தது. வில்லியேயைப் போல இவரும் கொட்டவில்லை. பொட்டாசியம் அயனியை நடுவில் அமர்த்திக்கொள்ளும் கிரீடம்போன்ற வளையம் அது. 1967-ல் வெளியிட்டார். பாக்டீரியா உண்டாக்கும் வாலினோமைசின் இதே வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது: சோடியத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் பொட்டாசியத்தை மட்டும் ஆயிரக்கணக்கான மடங்கு விரும்பிப் பிடித்து, செல்லின் எண்ணெய்ச் சவ்வைத் தாண்டிக் கொண்டுபோகும். பெடர்சனுக்கும், அந்த வழியில் மேலே போன டொனால்ட் கிராமுக்கும் ழான்-மரி லேனுக்கும் 1987-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு நூற்றாண்டாக இந்த வேலையைச் செய்துவந்த மாவு வளையத்துக்கு அந்த மேடையில் இடமில்லை. எனக்கு அதில் சின்ன வருத்தம் உண்டு. ஆனால் விருந்தோம்பி மூலக்கூறைத் திட்டமிட்டு வடிவமைக்கலாம் என்ற துணிவு வேதியியலுக்கு வந்தது அவர்களால்தான், அதை மறுக்க முடியாது.

சைக்ளோடெக்ஸ்ட்ரினைச் சமையலறைக்கும் மருந்துக் கடைக்கும் கொண்டுபோனது ஜப்பான். காரத்தன்மை மிகுந்த சூழலில் வாழும் பாக்டீரியாக்களைத் தேடித்தேடிச் சேர்த்த ஹோரிகோஷி கோகி, அவற்றில் ஒன்றின் நொதியைக் கொண்டு கரைப்பானே இல்லாமல் மலிவாகத் தயாரிக்க வழி செய்தார். ஆய்வகத்தில் கிராம் கணக்கில் விற்ற அரிய பொருள் மூட்டை கணக்குக்கு இறங்கியது. 1976-ல் ஓனோ நிறுவனம் பிரசவ வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினை பீட்டாவுக்குள் வைத்து, நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையாக்கியது. மூக்கில் ஏறும் வசாபியின் காரம் ஆவியாகிப் போகாமல் பொடியில் நிற்பதும் இதே உபாயத்தால்தான். பிறகு பிராக்டர் அண்ட் கேம்பிள் இதை ஃபெப்ரீஸ் என்ற பெயரில் புட்டியில் அடைத்து, சோபாவின் மேல் தெளிக்கச் சொன்னது. நாற்ற மூலக்கூறுகள் வளையத்துக்குள் புகுந்துகொள்கின்றன. மூக்குக்கு எட்டாதவரை நாற்றம் இல்லை என்றுதான் பொருள். அழுக்கு அங்கேயேதான் இருக்கிறது. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது. அதைக் காமாவுக்குள் வைத்து உடலில் சேரவைத்து விற்கிறார்கள். விளம்பரம் சொல்லும் அத்தனை குணமும் அதற்கு உண்டா என்பது வேறு வழக்கு.

வாய்வழி போனால் சாதுவான பீட்டாவை ரத்தத்தில் நேரடியாகச் செலுத்தினால் சிக்கல். மூன்றில் மிகக் குறைவாகக் கரைவது அது: லிட்டருக்கு 18.5 கிராம்தான். கொழுப்போடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுத்துவிடும். எனவே அதன் விளிம்புகளில் வேறு தொகுதிகளை ஒட்டி நன்றாகக் கரையச் செய்தார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் வாலென்டினோ ஸ்டெல்லாவின் குழு இப்படி உருவாக்கிய ஒரு வகை, தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோரின் பேச்சுக்கு உள்ளேயும் ஒருமுறை வந்துபோனது, யாரும் அதன் பெயரைச் சொல்லாமலே. 2021 ஏப்ரல், மே மாதங்களில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் கொரோனாவுக்கான ரெம்டெசிவிர் மருந்துக்காக இரவும் பகலும் வரிசை நின்றது. பொடியாக வந்த 100 மில்லிகிராம் மருந்துக் குப்பியில் மருந்தைச் சுமக்க இருந்த சைக்ளோடெக்ஸ்ட்ரின் மூன்று கிராம், மருந்தைப்போல முப்பது மடங்கு. ஒரு கிலோ மாவிலிருந்து வில்லியே எடுத்த மொத்த அறுவடையும் மூன்று கிராம்தான். அந்த மருந்துக்கு அத்தனை நீளமான வரிசை தகுமா என்ற கேள்வியை உலகச் சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே எழுப்பியிருந்தது. தெருவில் நின்றவர்களுக்கு அதைக் கேட்கும் நிலை இல்லை.

சுமப்பதற்கென்று சேர்த்த பொருளே மருந்தாக மாறிய கதையும் உண்டு. நீமன்-பிக் சி என்பது குழந்தைகளைத் தாக்கும் அரிய பரம்பரை நோய்; செல்களுக்குள் கொழுப்பு வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். அதற்காக எலிகளுக்கு ஒரு ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது கரையாததால் சைக்ளோடெக்ஸ்ட்ரினில் வைத்துக் கொடுத்தார்கள். எலிகள் அதிக நாள் வாழ்ந்தன. ஒப்பிடுவதற்காக வெறும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் மட்டும் பெற்ற எலிகளும் அதிக நாள் வாழ்ந்தன. வேலை செய்தது மருந்தல்ல, வண்டி. 2009-ல் இது வெளிச்சத்துக்கு வந்தபின் குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். செவித்திறன் பாதிக்கப்படுவது அதில் பெரிய தடையாக நிற்கிறது.

இதுவரை வந்த கதையில் வளையம் யாரையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவை ஸ்காட்லாந்தின் நியூஹவுஸில் இருந்த ஆர்கனான் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எழுந்தது. அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுப்பவர்கள் கூடவே தசைத் தளர்த்தி ஒன்றையும் செலுத்துவார்கள். மூச்சுக்குழாயில் டியூப் இறங்கவும், வயிற்றுத் தசை விறைக்காமல் இருக்கவும் அது தேவை. தென் அமெரிக்காவின் அம்பு விஷமான குராரேயின் வழிவந்த மருந்துகள் இவை. நரம்பின் சேதி தசையை அடையும் இடத்தை அடைத்துவிடும். 1990-களில் வந்த ரோகுரோனியம் அவற்றில் வேகமானது. அறுவை முடிந்ததும் இந்த அடைப்பு விலக வேண்டும், இல்லையென்றால் நோயாளி தானாக மூச்சுவிட முடியாது. விலக்க அதுவரை கையிலிருந்தது நியோஸ்டிக்மின். அது தளர்த்தியைத் தொடுவதில்லை. நரம்பின் சேதியைச் சுமக்கும் அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுத்து அதைப் பெருக்கும். பெருகியது முண்டியடித்துத் தளர்த்தியை விரட்டும். இதயத் துடிப்பும் அதனால் குறையும். குறையாமலிருக்க இன்னொரு மருந்து. ஆழமான தளர்ச்சியில் இதுவும் கைகொடுக்காது.

அந்தக் கூடத்தின் ஆன்டன் பாம் யோசித்தது வேறுமாதிரி. கரையாத ஸ்டீராய்டுகளைக் கரைக்க சைக்ளோடெக்ஸ்ட்ரின் பயன்படுவது ஆர்கனான்காரர்களுக்குத் தெரியும். ரோகுரோனியமும் ஸ்டீராய்டு எலும்புக்கூடு உள்ளதுதான். அப்படியானால் கரைப்பதற்குப் பதில் ரத்தத்தில் ஓடும் மருந்தையே பிடித்து உள்ளே போட்டுக்கொண்டால் என்ன? காமாவின் குழி அகலம் போதும், ஆழம் போதவில்லை. ரோகுரோனியத்தின் பாதி உடல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மிங்-சியாங் ஜாங் தலைமையிலான வேதியியலாளர்கள் காமாவின் எட்டு குளுக்கோஸிலும் ஆளுக்கொரு கந்தகக் கையை ஒட்டினார்கள். ஒவ்வொரு கையின் நுனியிலும் எதிர்மின்னூட்டம். எட்டுக் கைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதால் வாய் மூடாமல் விரிந்தே நிற்கும். குழியின் ஆழம் 0.79-லிருந்து 1.1 நானோமீட்டரானது. ரோகுரோனியத்தின் நுனியிலுள்ள நைட்ரஜனில் நேர்மின்னூட்டம். அது உள்ளே சறுக்கி அமரும்போது அந்த நுனியை எட்டுக் கைகளும் சூழ்ந்துகொள்கின்றன. பிடிப்பு எண் ஒரு கோடியைத் தாண்டியது. சுகமாடெக்ஸ் பிறந்தது. 2002-ல் ஜெர்மனியின் ஆங்கேவாண்டே ஹெமி இதழில் கட்டுரையாக வந்தது.

ஆபரேஷன் தியேட்டரில் இது வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். நோயாளியின் மணிக்கட்டில் ஒட்டிய மின்முனைகள் அல்நார் நரம்புக்கு அடுத்தடுத்து நான்கு சிறு அதிர்ச்சி கொடுக்கும். தசை விழித்திருந்தால் கட்டைவிரல் நான்கு முறை சுண்டும். ரோகுரோனியம் ஏறியிருக்கையில் விரல் அசையாது. விலகத் தொடங்கியதும் முதலில் ஒரு சுண்டல், பிறகு பலவீனமாக இரண்டாவது. அந்தக் கட்டத்தில் கிலோவுக்கு இரண்டு மில்லிகிராம் சுகமாடெக்ஸை ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். மருந்து தசைக்குள் போய்ச் சண்டை போடுவதில்லை. ரத்தத்தில் திரியும் ரோகுரோனியத்தை ஒன்றுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் அதன் அளவு சட்டென்று வீழ, தசையருகே அடைத்து நிற்பது தானாக வெளியேறி ரத்தத்துக்கு வருகிறது. வந்ததும் அதுவும் பிடிபடுகிறது. நான்காவது சுண்டல் முதலாவதன் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கை எட்ட, ஒப்பீட்டுச் சோதனை ஒன்றில் சுமார் ஒன்றரை நிமிடம் ஆனது. நியோஸ்டிக்மினுக்குப் பதினேழு பதினெட்டு நிமிடம். பிடிபட்ட ஜோடி அப்படியே சிறுநீரகத்தின் வழியே வெளியேறிவிடுகிறது. சுகமாடெக்ஸ் கனமான மூலக்கூறு என்பதால் ஒரு மில்லிகிராம் ரோகுரோனியத்துக்கு மூன்றரை மில்லிகிராமுக்குச் சற்று அதிகம் வேண்டும். டியூப் இறங்காமல் மூச்சு முட்டும் ஆபத்தில், பெரிய அளவு ரோகுரோனியம் போட்ட மூன்றாம் நிமிடத்தில், கிலோவுக்கு 16 மில்லிகிராம்.

சுகமாடெக்ஸை ஐரோப்பா 2008-ல் அனுமதித்தது. அதே ஆண்டு அமெரிக்கா மறுத்தது: சிலருக்கு ஒவ்வாமை வருகிறது, ஆராய்ந்து வாருங்கள் என்றது. 2015 டிசம்பரில்தான் அங்கே அனுமதி கிடைத்தது. அதற்குள் ஆர்கனான் இருமுறை கைமாறி மெர்க்கிடம் போயிருந்தது.

இந்த இறுக்கமான பிடிக்கும் ஒரு விலை உண்டு. வளையத்துக்குப் பெயர்ப்பலகை படிக்கத் தெரியாது. அளவும் மின்னூட்டமும் எண்ணெய்க்குணமும் ஒத்தால் சரி. சக்சினைல்கோலின் என்ற இன்னொரு தளர்த்திக்கு ஸ்டீராய்டு உடல் கிடையாது, அதை இது தொடுவதே இல்லை. கர்ப்பத்தடை மாத்திரையில் இருக்கும் புரோஜெஸ்டின்களோ ஸ்டீராய்டுகள். அவற்றில் ஒரு பகுதி பிடிபட்டுப் போகிறது. ஒரு முறை சுகமாடெக்ஸ் ஏற்றிக்கொண்ட பெண், ஒரு வேளை மாத்திரையை விட்டவருக்குச் சமம். ஊசியோ, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமோ பயன்படுத்துபவர்கள் அடுத்த ஏழு நாளைக்கு வேறு பாதுகாப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மருந்துத் தாள் சொல்கிறது. அறுவை முடிந்து அரைமயக்கத்தில் இருப்பவரிடம் இதை யார், எப்போது சொல்வது என்பது மயக்க மருந்து டாக்டர்கள் இன்னும் விவாதிக்கும் விஷயம்.

இன்னொரு சங்கடம் தியேட்டருக்குள்ளேயே நேர்வது. நோயாளி விழித்துவிட்டார், உள்ளே ரத்தம் கசிகிறது, மறுபடி திறக்க வேண்டும். இப்போது ரோகுரோனியம் போட்டால், ரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் காலி வளையங்கள் அதை உடனே விழுங்கிவிடும். முதல் முறை 16 மில்லிகிராம் கொடுத்திருந்தால் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு நேரம் கையில் இல்லாதபோது மயக்க மருந்து டாக்டர் ஸ்டீராய்டு எலும்புக்கூடு இல்லாத வேறு தளர்த்தியை எடுக்கிறார். பெரும்பாலும் சிஸ்அட்ராகூரியம்: அது இந்தக் குழிக்குள் பொருந்தாது.